காசு வாங்காத களி

போன வாரம் லிங்கப்பனை மைசூர் மேட்டகள்ளி வீட்டு வாசலில், ஒரு காலில் செருப்போடும் மறு காலில் வெறுமையோடும் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். மனிதர் அங்கேயே நிற்கிறார். மழை வேறு தூறுகிறது. முதலில் அவரைக் கிளப்புவோம்.

இரண்டாவது செருப்பைப் போடவிடாமல் தடுத்தவள் மகள் தமிழ்ப்ரியா. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு லாரி அவளுடைய கணவன் மனோஜ்குமாரை வாரிக்கொண்டு போய் இரண்டு தசரா கழிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. நாலு தெரு தள்ளி, மாமியார் கௌரம்மாவோடுதான் இருக்கிறாள். காலையில் கண் ஆஸ்பத்திரியில் ரசீது போடப் போவாள். சாயங்காலம் கௌரம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் தேய்ப்பாள். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது ஹனூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையனைப் பார்க்கத்தான் புறப்பாடு.

"அப்பா, நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் தமிழ்ப்ரியா. "அத்தையை என்கூடவே வெச்சுக்கச் சம்மதமான்னு. சரின்னா மேல பேசலாம். இல்லைன்னா ஆயித்து, விட்ருங்க. நான் கேட்டு முடிக்கற வரைக்கும் நீங்க யாருக்கும் வாக்குக் குடுத்துடக் கூடாது."

"நான் எதுக்குக் கண்ணு வாயத் தொறக்கறேன்?"

"அதேதான் வேணும். தொறக்காதீங்க."

"மாதேஸ்வரன் மேல சத்தியம்" என்றார் லிங்கப்பன். பிறகுதான் இரண்டாவது செருப்பைப் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது.

லிங்கப்பன் கட்டட மேஸ்திரி. சாமுண்டி மலையைத் தவிர மைசூரில் இருக்கும் எல்லாவற்றிலும் தான் ஒரு கல்லாவது வைத்திருப்பதாகச் சொல்லுவார். மலையைக் கேட்டால், அது அவர் ஊருக்கு வருமுன்பே முடிந்துவிட்ட வேலை என்பார். அவர் சொல்வது நிஜமா என்று கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. கேட்டால் இன்னொரு கதை வரும்.

பெண் பார்க்கும் இடமாக மைதானத்துத் தசரா சாப்பாட்டு மேளாவைத் தேர்ந்தெடுத்தது பையனின் அம்மா அஞ்சலை. அதில் ஒரு கணக்கு இருந்தது. பேச்சு முடிவாகாமல் ஒரு தரப்பு இன்னொரு தரப்பு வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஒரு வாய் உள்ளே போனால் சம்மதம் என்று அர்த்தம். லிங்கப்பனின் சித்தப்பா ஒருவர், பெண் பார்க்கப் போன இடத்தில் ஞாபக மறதியாக முறுக்கைக் கடித்துவிட்டார். பாதி வாயில், பாதி கையில். கையில் இருந்த பாதியைத் தட்டிலேயே திருப்பி வைத்துப் பார்த்தார். எடுபடவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

"யார் வீட்டுக்கும் யாரும் வர வேண்டாங்க. மேளாவுல எங்க பொம்பளைங்க குழு களிக்கடை போடுது. பொதுவிடம். பையனும் பொண்ணும் நாலு நடை நடந்து பேசட்டும்" என்று அஞ்சலை போனில் சொன்னபோது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

லிங்கப்பனின் மனைவி கமலம்மாளுக்கு மட்டும் புருஷன் வாயின் மேல் நம்பிக்கை இல்லை. அந்த வாயைப் பற்றி அவளுக்குத்தானே தெரியும். கிளம்பும் முன் இட்லியாக அடுக்கி அவர் வயிற்றை அடைத்தாள். ஆட்டோவில் வரும்போதும் உபதேசம் நிற்கவில்லை.

"மத்த கடையில காசு குடுத்து எதை வேணா தின்னுங்க. அந்தம்மா கடையில மட்டும் பச்சத் தண்ணி படக்கூடாது."

"காசு குடுத்துக் குடிச்சா?"

"காசு குடுத்தா அது வெறும் சாப்பாடு. குடுக்காட்டி அது சம்மதம். இப்பப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது" என்றார் லிங்கப்பன்.

கௌரம்மாவும் கூட வந்திருந்தார். மருமகளுக்கு மறுகல்யாணம் பேசும் இடத்துக்கு மாமியார் வருவது வழக்கமில்லை. "அவன் இருந்தப்ப வருஷா வருஷம் வந்த மேளா. நானும் ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன் அண்ணா" என்று லிங்கப்பனிடம் கேட்டார். என்ன சொல்லி மறுப்பது?

மைதானம் முழுக்கச் சேறு. சேற்றின் மேல் மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள். அது சேற்றை மறைத்ததே தவிர குறைக்கவில்லை. ஒரு பக்கம் வெண்ணெய் தோசை, ஒரு பக்கம் மேல்கோட்டைப் புளியோதரை, நடுவில் காட்டுவாசிகள் மூங்கிலுக்குள் அரிசியை அடைத்து நெருப்பில் நிறுத்திவைத்த பிரியாணி. புகை மேலே போக முடியாமல் மழைக்குக் கீழேயே சுற்றியது. ஊரே சந்தோஷமாகத் தின்றுகொண்டிருந்தது. இந்த நால்வர் மட்டும் சாவு வீட்டுக்கு வழி கேட்டு வந்தவர்களைப் போல நடந்தார்கள்.

களிக்கடை கடைசி வரிசையில் இருந்தது. அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் துடுப்பைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"வாங்கண்ணா, வாங்கோ அண்ணி. மழையில நனைஞ்சுட்டீங்களே. கண்ணு, நீ இப்படி வெளிச்சத்துல நில்லு. போட்டோவுல இன்னும் கறுப்பாத் தெரிஞ்சே."

"லைட்டு சரியில்ல போலிருக்குங்க அத்தை" என்றாள் தமிழ்ப்ரியா. குரலில் பணிவும் இருந்தது, கொஞ்சம் மிளகாயும் இருந்தது. அஞ்சலை அதை ரசித்துச் சிரித்தார்.

பையன் உதயகுமார் ஹனூர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறான். முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பாலில் தண்ணீர் கலந்துவிடுமோ என்று பயப்படுகிறவனைப் போல ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து ஊற்றினான்.

"நல்லாருக்கீங்களா மாமா?"

"இருக்கேன் மாப்... தம்பி" என்றார் லிங்கப்பன். கமலம்மாளின் முழங்கை விலாவில் பதிந்ததால் வார்த்தை பாதியில் திரும்பியது. சமாளிப்பதற்காக அவர் களிச்சட்டியைக் காட்டினார். "களின்னா எங்க பெரியப்பன் கிண்டோணும் தம்பி. கௌதள்ளியில ஒருக்கா கொஞ்சம் கெட்டியாப் போயிருச்சு. வண்டி உருளாம இருக்க அதைச் சக்கரத்துக்கு அண்டை குடுத்தோம். வண்டி இன்னும் அங்கயேதான் நிக்குது. பஞ்சாயத்துல அதுக்கு நம்பர் போட்டாச்சு."

உதயகுமார் மரியாதையாகத் தலையாட்டினான். தமிழ்ப்ரியா குடையை விரித்தாள். இருவரும் மூங்கில் பிரியாணிப் பக்கம் நடந்தார்கள். போகும்போது ஒருமுறை திரும்பி அப்பாவின் வாயைப் பார்த்தாள். லிங்கப்பன் உதட்டை இறுக்கி மூடிக் காட்டினார்.

அவர்கள் கண்ணுக்கு மறைந்து, ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது. மேடை மைக் கரகரத்தது. களி தின்னும் போட்டி தொடங்கப் போகிறதாம். மைக் பிடித்தவர் உற்சாகமான கன்னடத்தில் கூவினார்.

"இந்த மேடையில முன்னாடி ஜெயிச்ச மேட்டகள்ளி மனோஜ்குமார் எங்க இருந்தாலும் உடனே மேடைக்கு வரணும்!"

யாரோ பழைய பேரை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆள் இல்லாத விஷயம் மைக்குக்குத் தெரியாது.

கமலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். லிங்கப்பன் கௌரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கௌரம்மா அழவில்லை. யாரோ தன்னிடம் மணி கேட்டதைப் போல மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடறாங்க" என்றார். "இருந்திருந்தா இந்நேரம் பெல்ட்டைத் தளத்திக்கிட்டு ஓடியிருப்பான்."

"மனோஜ்குமார்! எங்கிருந்தாலும் வரணும்! என்னப்பா, பயந்துட்டியா?" என்றது மைக். கூட்டம் சிரித்தது.

"அட நாசமாப் போறவனே!" கமலம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை நோக்கிச் சேற்றில் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள், அவளும் போட்டியில் சேரத்தான் போகிறாள் என்று நினைத்து வழி விட்டார்கள்.

காலையில் தின்ற இட்லி எல்லாம் எங்கே போயிற்றோ, லிங்கப்பனுக்குக் கண்ணை இருட்டியது. சர்க்கரை உடம்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தன் தோளில் கைபோட்டுக்கொண்டு இதே மைதானத்தில் நடந்த பையன். மாமா என்று கூப்பிடாமல் மேஸ்திரி என்று கூப்பிட்டவன். பொய்க்கு எதிர்ப்பொய் சொல்லத் தெரிந்த ஒரே மருமகன். அவரை ஒருவர் தோற்கடித்தார் என்றால் அது அவன் மட்டும்தான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கௌரம்மா நின்றார். கையில் பாக்குமட்டைத் தட்டு. தட்டில் ஆவி பறக்கும் களி உருண்டை, பக்கத்தில் நாட்டுக்கோழிச் சாறு.

"சாப்பிடுங்க அண்ணா. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"எந்தக் கடை இது?"

"இந்தக் கடைதான். பயப்படாதீங்க, காசு குடுத்துட்டேன். குடுத்து வாங்கினா ஒண்ணுமில்லைன்னு அண்ணியே சொன்னாங்களே."

"நெசமாக் குடுத்தியா?"

கௌரம்மா அவரை நேராகப் பார்த்தார். "எம் மகன் பேரை இப்பத்தான் மைக்குல கூப்பிட்டாங்க. இந்த நேரத்துல நின்னு பொய் சொல்லுவனா அண்ணா?"

பொய்த் தொழிலில் தலை நரைத்தவர் லிங்கப்பன். வாசலில் வரும் பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிப்பவர். அன்றைக்கு அவருக்குக் கோழிச்சாற்று வாசனை மட்டும்தான் தெரிந்தது. ஒரு விள்ளலைப் பிட்டுச் சாற்றில் புரட்டி, கடிக்காமல் விழுங்கினார். களியைக் கடிக்கிறவனுக்கு அவர்கள் ஊரில் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். அது தொண்டையில் சூடாக இறங்கியது. இன்னொரு விள்ளல். அழுகையும் களியும் ஒரே வழியில் போக வேண்டியிருந்ததால் இரண்டும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டன.

"கை கழுவத் தண்ணி கொண்டாறேன்" என்று கௌரம்மா நகர்ந்தார்.

அவர் போன பக்கத்திலிருந்து தண்ணீர் வரவில்லை. கடைக்குள்ளிருந்து அஞ்சலைதான் வந்தார். காதில் போன்.

"ஆமாங், நெசமாத்தான் சொல்றேன். சம்பந்தி கை நனைச்சாச்சு! நம்ம கடையில உக்காந்து களி சாப்பிட்டுட்டு இருக்காரு. எல்லாருக்கும் சொல்லிப் போடுங்கோ!"

லிங்கப்பனின் விள்ளல் பாதி வழியில் நின்றது.

"ஏனுங்கம்மா, இது காசு குடுத்த களிங்க!"

"யாருங்கண்ணா குடுத்தா? சம்பந்தி கிட்டக் காசு வாங்கற குடும்பமா நாங்க?" அஞ்சலையின் முகம் மலர்ந்து கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு லிங்கப்பனுக்கு இப்போது தெளிவு வந்துவிட்டது.

மைக் ஒரு வழியாக வேறு பெயரைக் கூப்பிட்டது. கமலம்மாள் சேற்றில் ஊன்றி ஊன்றித் திரும்பி வந்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"என்ன அது?"

"களி."

"யார் வீட்டுக் களி?"

லிங்கப்பன் அஞ்சலையின் கடையைக் கண்ணால் காட்டினார்.

"மைதானம் பூராக் கடை போட்டு வெச்சிருக்கான். தோசை இருக்கு, வடை இருக்கு, வாழைப்பழம் இருக்கு. உங்க கை நேரா இங்கதான் வருமா? அந்த மேடையில போயி உக்காந்திருக்கலாமே, பரிசாவது குடுத்திருப்பாங்க!"

"கௌரம்மா காசு குடுத்தேன்னு சொல்லிச்சு."

"அண்ணி ஏன் பொய் சொல்றாங்க? உங்க வாய்க்கு அவங்க பேரை இழுக்காதீங்க."

லிங்கப்பன் வாழ்நாளிலேயே முதல்முறையாக நிஜத்தைச் சொன்னார். அது செல்லுபடியாகவில்லை.

தமிழ்ப்ரியாவும் உதயகுமாரும் திரும்பி வந்தார்கள். குடை அவன் கையில் இருந்தது. அவனுடைய ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. தமிழ்ப்ரியாவின் கண் சிவந்திருந்தது. மைக்கில் அந்தப் பெயர் வந்த இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றான். கேட்க வேண்டியதை அவளும் கேட்கவில்லை.

அஞ்சலை மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, அவள் திரும்புவதற்குள் தலையில் செருகிவிட்டார். இரண்டு வருடமாகப் பூ வைக்காத தலை. தமிழ்ப்ரியா கையை மேலே கொண்டு போனாள். பூவைத் தொட்டாள். எடுக்கவும் இல்லை, சரி செய்யவும் இல்லை.

"உங்கப்பா கை நனைச்சாச்சு கண்ணு. இனி நீ எங்க வீட்டுப் பொண்ணு."

தமிழ்ப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னீங்களே அப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அஞ்சலையிடம் திரும்பினாள்.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். கேட்டுடறேன். எங்க மாமியாருக்கு என்னை விட்டா யாரும் இல்ல. அவங்க என்கூடத்தான் இருப்பாங்க. உங்க வீட்டுல அதுக்குச் சம்மதமா?"

களி கிண்டிய பெண்ணின் துடுப்புகூட நின்றது.

"அம்மா, நான் என்ன நெனைக்கறேன்னா..." என்று உதயகுமார் தொடங்கினான்.

"நீ சும்மா இரு." அஞ்சலை முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "கண்ணு, நானும் ஒருத்திக்கு மாமியாரா இருந்தவதான். எனக்கு ஈரம் இல்லாம இல்ல. ஆனா எங்க வீட்டுல அவங்களை என்ன மொறை சொல்லிக் கூப்பிடறது? என் பேரப்பிள்ளை நாளைக்கு அவங்களை என்னன்னு கூப்பிடும்? ஊர்ல ஒருத்தன் கேட்டா எனக்குப் பதில் இல்ல. அது அந்தம்மாவுக்கே தெரியும். அதனாலதானே எல்லாத்தையும் முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க."

"என்ன பேசி முடிச்சாங்க?"

"உனக்குத் தெரியாதா? முந்தாநாளே போன் பண்ணாங்களே. மாதேஸ்வரன் மலையில அன்னதானக் கூடத்துல காய் நறுக்கற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காங்களாம். அங்கயே தங்கிக்குவாங்களாம். 'அவ ஒரு நிபந்தனை போடுவா, அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவங்கப்பா கை நனைஞ்சுரணும், நான் பாத்துக்கறேன், நீங்க காசு மட்டும் வாங்காதீங்க'ன்னு சொன்னாங்க. மலைக்குப் போறது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னுல்ல நான் நெனைச்சேன்!"

கமலம்மாள் மெதுவாகப் புருஷனின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற முகம் அவளிடம் கிடையாது. இருந்தாலும் தன் முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

"அத்தை எங்க?" என்றாள் தமிழ்ப்ரியா.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை. மேடைப் பக்கம் இல்லை. போன் அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. தமிழ்ப்ரியா ஒரு வரிசையில் ஓடினாள். உதயகுமார், அம்மா கூப்பிடக் கூப்பிட, அடுத்த வரிசையில் ஓடினான். லிங்கப்பன் ஓடவில்லை. வெளியே போய் ஆட்டோ பிடித்தார்.

தசரா நெரிசலில் ஆட்டோக்கள் நகர்வதில்லை. முன்னால் இருப்பவை கிழடாகிக் கழன்று விழுந்தபின் பின்னால் இருப்பவை அந்த இடத்துக்கு வரும். பஸ் நிலையத்துக்கு அரைப் பர்லாங்கு இருக்கும்போதே லிங்கப்பன் இறங்கி நடந்தார். மலைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் கௌரம்மா. மடியில் ஒரு துணிப்பை. மருமகளோடு இருந்த இரண்டு வருட வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போகிறவரின் பை அவ்வளவு சிறியதாக இருந்தது.

லிங்கப்பன் ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"எறங்கு, கௌரம்மா."

"நீங்க எறங்குங்க அண்ணா. வண்டி எடுக்கப் போறான்."

"மலைக்கு வழியே இல்லியாம். கௌதள்ளிக்கு மேல ரோட்டுல ஆனை படுத்திருக்காம். நேத்துலருந்து எழுந்திரிக்கவே இல்லியாம். போலீஸ்காரங்க தலைமாட்டுல உக்காந்து..."

கௌரம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அந்த ஆனையை மனோஜ் கல்யாணத்தப்பவே படுக்க வெச்சீங்க அண்ணா."

லிங்கப்பனிடம் வேறு ஆனை இல்லை.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு வருஷமா ஒரே அடுப்புல சமைக்கறோம். அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாதா? அவ கேட்டா அவங்க முடியாதும்பாங்க. இவ வேண்டாம்பா. அப்புறம் அடுத்த வரனும் இதே மாதிரி போகும். எனக்கு முட்டி வலி வர்றப்பல்லாம் அவளுக்கு ஒரு வயசு போகுதுண்ணா." கௌரம்மா துணிப்பையின் காதை முறுக்கினார். "உங்களை ஏமாத்தினது தப்புத்தான். வேற யார் கையில தட்டைக் குடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டாங்க."

"நீ இப்படிப் போனா அவ மட்டும் கழுத்தை நீட்டுவாளா?"

"உங்க வாக்குக்காக நீட்டுவா. அவ அப்படிப்பட்ட பொண்ணு. கொஞ்ச நாள் அழுவா. அப்புறம் பழகிடும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாமே பழகிடுது. அதான் கொடுமை."

லிங்கப்பனின் போன் அடித்தது. தமிழ்ப்ரியா. கௌரம்மா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார்; அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். மருமகள் தினமும் தேய்க்கும் தைலத்தின் வாசனை அந்தக் கையிலும் ஏறியிருந்தது.

"அப்பா, அத்தை கெடைச்சாங்களா?"

லிங்கப்பன் கௌரம்மாவைப் பார்த்தார். இவர் இறங்கினால் மகளின் கல்யாணம் நிற்கும். இவர் போனால் மகளின் சிரிப்பு நிற்கும். எதை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தேடிட்டுத்தான் இருக்கேன் கண்ணு."

"நான் இங்கயிருந்து நகர மாட்டேன் அப்பா. தலையில அவங்க வெச்ச பூ அப்படியே இருக்கு. இதை எடுக்கறதா வேண்டாமான்னு அத்தைதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல."

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு லிங்கப்பன் போனை மடியில் போட்டுக்கொண்டார். அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தார். சிமெண்டு காய்த்த விரல். கண்ணாடிப் போனுக்கு அந்த விரலின் பாஷை புரியாது.

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. லிங்கப்பன் எழுந்திருக்கவில்லை. "எறங்குங்க அண்ணா" என்று கௌரம்மா இன்னொரு தடவை சொன்னார். அவர் காது கேட்காதவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் வந்தார். கௌரம்மா நீட்டிய ஆதார் அட்டையைப் பார்த்து, பெண்களுக்கு இலவசமான சீரோ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பஸ்ஸின் கடைசி இருக்கைக்கும் கேட்கும் குரலில், கன்னடத்தில் கேட்டார்.

"அம்மாவுக்கு ஃப்ரீ. உங்களுக்கும் மாதேஸ்வரன் மலைக்கேவா?"

மடியில் கிடந்த போன் பேசியது.

"அப்பா?"

கண்டக்டர் உட்பட மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்க மலை பஸ்ஸுலயா இருக்கீங்க? பக்கத்துல அத்தை இருக்காங்களா? அப்பா, ப்ளீஸ், குடுங்க அவங்க கிட்ட."

கௌரம்மா போனை எடுத்துக் காதில் வைத்தார். கண்ணாடியில் மழை ஓடியது. தசராவுக்குப் போட்ட விளக்குத் தோரணங்கள் பகலிலேயே எரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"பூவை எடுக்காதே ப்ரியா" என்றார். "உனக்கு நல்லாருக்கும்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது. சுருக்கமாகத்தான் சொன்னது. கௌரம்மாவின் முகத்தில் இருந்த உறுதி, ஈரச்சுவரில் பூசிய சுண்ணாம்பைப் போல மெல்ல உதிர்ந்தது. போனை அவர் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொல்றா?"

கௌரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பதில் வருவதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.

"மலைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கறா அண்ணா."